பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை: ஆகுமா என்று கேட்கிறோம், செய்பவர் யார் என்று கேட்கிறோமா?

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்ற பேச்சு வந்தால் நமது வீடுகளில் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. ஒன்று, மார்க்கத்தில் இது ஆகுமா? மற்றது, எவ்வளவு முடியும்? முதலாவதை மௌலவியிடம் கேட்கிறோம். இரண்டாவதை விளம்பரத்தில் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கிறோம். கத்தியை எடுக்கப் போகும் நபர் இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர்தானா என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. டொக்டர் என்று பலகையில் இருக்கிறது, வெள்ளைக் கோட்டு இருக்கிறது, அதற்கு மேல் என்ன கேட்பது என்று விட்டுவிடுகிறோம்.

இந்தக் கேள்வி மார்க்கத்துக்கு வெளியே உள்ளதும் அல்ல. வைத்தியத்தில் அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு ஏற்பட்டால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழுள்ள சர்வதேச பிக்ஹ் அகடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடியபோது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. பிறவிக் குறை, தீக்காயம், விபத்து போன்றவற்றால் வந்த குறையைச் சீர்செய்வது ஆகும், ஆசைக்காக இயற்கை உருவத்தை மாற்றுவது ஆகாது என்ற பகுதியைப் பலரும் பேசுகிறார்கள். ஆகுமான சிகிச்சைக்கும் அதே தீர்மானம் நிபந்தனைகள் போட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று, செய்பவர் அத்துறையில் தகுதி பெற்ற நிபுணராக இருக்க வேண்டும் என்பது. அதைப் பற்றி மிம்பரிலும் கேட்கவில்லை, வாட்ஸ்அப்பிலும் காணவில்லை.

இன்னொரு தகவலையும் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன். குர்துபாவின் அல்-ஸஹ்ராவியை நமது பிள்ளைகள் முஸ்லிம் விஞ்ஞானிகள் வரிசையில் மனனம் செய்கிறார்கள். அவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. அதன் முன்னுரையிலேயே, உடற்கூறு தெரியாமல் கத்தி பிடித்தவர்கள் ஆட்களைக் கொன்ற கதைகளை அவர் சொல்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை வெட்டப் போன அறிவிலி வைத்தியர் ஒருவர் நாடியை வெட்டிவிட, அவள் அங்கேயே இரத்தம் ஓடி இறந்தாள் என்று எழுதியிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய முறைப்பாடு. இன்றைக்கும் பொருந்துவதுதான் கவலை.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றால் நடிகைகளின் மூக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். 'பிளாஸ்டிக்' என்ற சொல் உருக்கொடுத்தல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் கடையில் வாங்கும் பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இந்தப் பிரிவு பார்க்கும் வேலையில் பெரும்பகுதி எரிகாயங்கள், இயந்திரத்தில் சிக்கிய விரல்கள், உதடு பிளந்து பிறந்த குழந்தைகள், புற்றுநோய் அகற்றிய பின் விழும் குழிகள். உதட்டுப் பிளவைப் பொதுவாகப் பிறந்து 3 முதல் 6 மாதங்களுக்குள்ளும், அண்ணப் பிளவை ஒன்றரை வயதுக்கு முன்பும் தைத்துவிடுவார்கள். அண்ணத்தைத் தைக்கத் தாமதித்தால் பிள்ளையின் பேச்சு மூக்கால் வரும். முதலாம் ஆண்டில் மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அந்தப் பிள்ளை வாயே திறக்காது. வகுப்பில் நிற்பவர்களுக்கு இது தெரியும். ஆகவே இந்தச் சிகிச்சை பலருக்கு ஆடம்பரம் இல்லை, தேவை. தேவை உள்ளவர்கள்தான் விளம்பரத்திலும் சீக்கிரம் விழுகிறார்கள்.

என் பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருக்கிறாள். மூன்று வயதில் கொதிநீர் ஊற்றுப்பட்டு நாடியிலிருந்து நெஞ்சு வரை தழும்பு. தழும்பு இறுகி, கழுத்தை நிமிர்த்த முடியாது. கரும்பலகையின் மேல் வரியை வாசிக்க உடம்பையே பின்னுக்குச் சாய்ப்பாள். சென்ற வருடம் அவளுடைய உம்மா கைத்தொலைபேசியுடன் வந்தார். "டீச்சர், இதப் பாருங்களேன். மூணு தரம் போனா தழும்பே தெரியாம எடுத்துத் தாராங்களாம். லேடீஸ் ஒன்லியாம். நோன்புக்கு முந்திப் போனா டிஸ்கவுண்டும் இருக்காம்." முகநூல் விளம்பரம். இரண்டு படங்கள், முன்னும் பின்னும். 'லேசர் மற்றும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை' என்று பெரிதாக இருந்தது. வைத்தியரின் பெயர் சிறிதாகக் கீழே இருந்தது.

அந்த இலக்கத்துக்கு அழைத்து மூன்று விடயம் கேட்டேன். டொக்டர் எந்தத் துறையில் விசேட நிபுணர்? இலங்கை மருத்துவ சபையில் அவருடைய பதிவு இலக்கம் என்ன? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? பேசிய பெண்பிள்ளை மரியாதையானவர்தான். "டொக்டர் வெளிநாட்டுல படிச்சவர் மெடம், எம்.டி. முடிச்சவர்" என்றார். பதிவு இலக்கம் தன்னிடம் இல்லை என்றார். மயக்க மருந்துக் கேள்விக்கு, ஊசி போட்டு மரக்கச் செய்வோம், பயப்பட வேண்டாம் என்றார்.

இந்த 'எம்.டி.' என்ற இரண்டு எழுத்தில்தான் நமது ஆட்கள் நிறையப் பேர் மயங்குகிறார்கள். ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் அடிப்படை மருத்துவப் பட்டத்துக்குப் பெரும்பாலும் எம்.டி. என்றுதான் பெயர் வைக்கிறார்கள். அது நமது எம்.பி.பி.எஸ். இற்குச் சமமானது. அதை முடித்தவர் இங்கே ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைந்து, உள்ளகப் பயிற்சி பெற்று, மருத்துவ சபையில் பதிவு செய்தால் முழுமையான வைத்தியர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வழங்கும் எம்.டி. வேறு. அது எம்.பி.பி.எஸ். முடித்த பின் போட்டிப் பரீட்சை எழுதி, ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்று எடுப்பது. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராவதற்கு முதலில் பொதுச் சத்திரசிகிச்சையில் அந்த எம்.டி. எடுக்க வேண்டும். பிறகு சிரேஷ்ட பதிவாளராக இத்துறையிலேயே பயிற்சி, வெளிநாட்டு வைத்தியசாலையில் பயிற்சி, கடைசியில் நிறுவகத்தின் சபைச் சான்றிதழ். ஒருவர் மருத்துவபீடத்தை விட்டு வெளியேறி இந்த இடத்துக்கு வர சுமார் பத்து வருடமாவது ஓடிவிடும்.

எம்.ஆர்.சி.எஸ். என்ற எழுத்துக்களும் அப்படித்தான். அது பிரித்தானிய அரச கல்லூரிகளின் பரீட்சை, பெறுமதியானது. ஆனால் சத்திரசிகிச்சைப் பயிற்சியின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் எழுதுவது. எஃப்.ஆர்.சி.எஸ். இற்குப் பின்னால் பிளாஸ்டிக் என்று துறை குறிப்பிடப்பட்டிருந்தால் அது பயிற்சியின் இறுதியில் எழுதுவது. இவற்றுக்குப் பின்னால் வரும் அழகியல் டிப்ளோமாக்கள், இரண்டு நாள் செயலமர்வுச் சான்றிதழ்கள் எல்லாம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். நானும் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி எடுத்தவள்தான். ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியை. என்னைக் கொண்டுபோய் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பிக்க விட்டால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? "அவங்களும் டீச்சர்தானே" என்று எவரும் சொல்ல மாட்டார்கள். தோலை வெட்டும் விடயத்தில் மட்டும் "அவரும் டொக்டர்தானே" என்று சொல்கிறோம்.

அன்று இரவு மருத்துவ சபையின் இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடினோம். பெயர் இருந்தது. அவர் பதிவு செய்யப்பட்ட வைத்தியர், போலி இல்லை. ஆனால் விசேட நிபுணர்களுக்கென்று மருத்துவ சபை வைத்திருக்கும் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. போலி வைத்தியர் என்றால் பொலிஸுக்குப் போகலாம், செய்தியில் வரும். பதிவுள்ள, ஆனால் இத்துறையில் பயிற்சி இல்லாத வைத்தியர் செய்தியில் வரமாட்டார். அவருடைய பெயர்ப்பலகையில் பொய் என்று விரல் வைத்துக் காட்டவும் பல வேளைகளில் முடியாது. 'கொஸ்மெட்டிக் சேர்ஜன்' என்ற பட்டம் இத்தகைய குழப்பத்தில்தான் உயிர் வாழ்கிறது. இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. அவுஸ்திரேலியாவில் சாதாரண வைத்தியர்களும் அந்தப் பெயரில் தொழில் செய்து பலர் பாதிக்கப்பட்ட பிறகு, 2023 இல் சட்டத்தைத் திருத்தி, உரிய விசேட பதிவு இல்லாத வைத்தியர்கள் 'சேர்ஜன்' என்று போட்டுக்கொள்வதைத் தடுத்தார்கள்.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் தவிர வேறு எவரும் முகத்தில் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தோல் வைத்திய நிபுணர் லேசரும் ஊசியும் முறையாகக் கற்றவர். தாடை, அண்ணப் பிளவு விடயத்தில் வாய் மற்றும் முக சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பல் வைத்தியத்திலிருந்து வந்தவர்கள். மூக்கின் உள்ளே உள்ள பிரச்சினைக்கு காது, மூக்கு, தொண்டை நிபுணர். எவராக இருந்தாலும், செய்யப் போகும் வேலையும் அவர் பதிவு பெற்ற துறையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

கணினியில் தேட வசதி இல்லாதவர்களுக்கு ஒரு எளிய கேள்வி இருக்கிறது: "டொக்டர் எந்த அரசாங்க வைத்தியசாலையில், என்ன பிரிவில் வேலை செய்கிறார்?" நம் நாட்டில் விசேட நிபுணர்களில் பெரும்பாலானோர் பகலில் அரச வைத்தியசாலையிலும் மாலையில் சனல் நிலையங்களிலும் இருப்பவர்கள். ஓய்வுபெற்றவர் என்றால் முன்பு எங்கே இருந்தார் என்று கேட்கலாம். உண்மையான நிபுணருக்கு இந்தக் கேள்வி கோபம் வராது. சனல் செய்யும் செயலியில் 'பிளாஸ்டிக் சேர்ஜன்' என்ற தலைப்பின் கீழ் பெயர் வருவது ஓர் ஆரம்பம் மட்டுமே, பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள்.

இனி நமது பெண்கள் விடயம். 'லேடீஸ் ஒன்லி' என்ற இரண்டு சொல்லுக்கு நம் ஊர்களில் இருக்கும் பலம் விளம்பரம் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவ்ரத்தைப் பேண வேண்டும் என்ற நமது நல்ல எண்ணத்தையே அவர்கள் விற்பனைப் பொருளாக்குகிறார்கள். பியூட்டி பார்லரின் பின் அறையில் மச்சம் சுடுவது, உதட்டுக்கு ஃபில்லர் ஊசி, வெண்மையாக்கும் குளூட்டாதயோன் ஊசி என்று எல்லாம் நடக்கிறது. ஊசி போடுபவர் பெண் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. ஃபில்லர் தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துப் போகலாம், மூக்கு, நெற்றிப் பக்கம் என்றால் கண் பார்வையே போகலாம். ஹையலுரோனிக் அமில ஃபில்லர் என்றால் அதைக் கரைக்கும் மருந்து உண்டு. உடனே போட வேண்டும். அந்த மருந்து பார்லரில் இருக்குமா? மச்சம் என்று சுட்டது புற்றுநோயாக இருந்தால், ஆய்வுக்கு அனுப்பச் சதையும் மிஞ்சாது.

பெண் வைத்தியரைத் தேடுவது நமது உரிமை. தகுதியுள்ள பெண் நிபுணர் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால், தகுதியுள்ள ஆண் நிபுணரிடம் கணவரோ வாப்பாவோ சகோதரரோ உடன் இருக்க, பெண் தாதி நிற்க, தேவையான இடத்தை மட்டும் காட்டலாம். அப்படிக் கேட்டால் வைத்தியசாலைகளில் மறுப்பதில்லை. படம் எடுப்பார்கள், சிகிச்சைக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் படம் விளம்பரத்துக்கோ முகநூலுக்கோ போகக் கூடாது என்று சம்மதப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இடமும் முக்கியம். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி தனியார் வைத்தியசாலையோ கிளினிக்கோ பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் என்ன? கொழுப்பு உறிஞ்சி எடுப்பதை ஏதோ தண்ணீர் இறைப்பது போல் விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வழிகாட்டலில் ஒரே தடவையில் 5 லீற்றருக்கு மேல் எடுப்பதைப் பெரிய அளவு என்று கணக்கிட்டு, வசதியுள்ள வைத்தியசாலையில் இரவு தங்கவைத்துக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். மரக்கச் செய்யும் மருந்து அளவு மீறினாலே இதயம் நின்றுவிடலாம். அவசரம் என்றால் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு போவீர்கள், அதி தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வாருங்கள், முற்பணம் போனாலும் பரவாயில்லை.

அந்த மாணவியை வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கடிதம் வாங்கி, அரசாங்க வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்பினோம். நாள் எடுத்தது. வரிசையில் நின்ற கஷ்டத்தை அந்த உம்மா இன்னமும் சொல்வார். ஆனால் வைத்தியர் சொன்ன விடயங்களை நான் குறித்து வைத்திருக்கிறேன். தழும்பை அழிக்க முடியாது, எவராலும் முடியாது என்றார். இறுகியதை வெட்டித் தளர்த்தி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் கழுத்து நிமிரும் என்றார். தொடையிலும் ஓர் அடையாளம் விழும், மாதக்கணக்கில் கழுத்துப் பட்டி போட வேண்டும், பயிற்சி செய்யாவிட்டால் மறுபடி இறுகும், பிள்ளை வளர வளர இன்னொரு தடவையும் தேவைப்படலாம் என்றார். லேசர் விளம்பரத்தைக் காட்டியபோது, இந்தக் கழுத்துக்கு அது பயன்படாது என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். உம்மாவுக்கு அழுகை வந்தது, அவர் எதிர்பார்த்துப் போனது வேறு. இருந்தும் எனக்கு அந்த வைத்தியர் மேல் நம்பிக்கை வந்தது அவர் 'முடியாது' என்று சொன்ன இடத்தில்தான். தழும்பே தெரியாது என்று உறுதி தருபவர் ஒன்றில் பாடம் படிக்கவில்லை, அல்லது படித்ததை மறைக்கிறார். பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது கழுத்துப் பட்டியுடன் பாடசாலைக்கு வருகிறாள். மேல் வரியை வாசிக்கிறாள்.

காது குத்திய இடத்தில் உருண்டையாக வளரும் கீலொயிட் பற்றியும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அதை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்ப வருவது சாதாரணம். ஊசி, அழுத்தம் என்று வேறு சிகிச்சையையும் சேர்த்தே செய்வார்கள். "பத்து நிமிட வேலை" என்று சொல்லும் இடத்தில் அடுத்த வருடம் இதே உருண்டை இரண்டு மடங்காக நிற்கும். நீரிழிவு உள்ளவர்கள் சீனியின் அளவையும், புகைப்பவர்கள் அந்தப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். இவற்றைக் கேட்காமலே திகதி கொடுக்கும் வைத்தியரிடம் அவசரப்படாதீர்கள்.

ஏற்கனவே எங்காவது செய்து பாதிக்கப்பட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வெளியே சொன்னால் "அழகு பார்க்கப் போனாளாம்" என்று ஊர் பேசும் என்பதற்காகவே அவர்கள் வாய் திறப்பதில்லை. முதலில் தகுதியுள்ள நிபுணரிடம் போய்க் காட்டுங்கள், நாள் கடத்தினால் சரிசெய்வது கடினமாகும். பற்றுச்சீட்டு, டயக்னோசிஸ் காட், வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரத்தின் படம் எதையும் அழிக்க வேண்டாம். பதிவு செய்யப்பட்ட வைத்தியருக்கு எதிரான முறைப்பாட்டை இலங்கை மருத்துவ சபைக்கு எழுத்தில் கொடுக்கலாம். நிறுவனத்துக்கு எதிரானதைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்குக் கொடுக்கலாம். பதிவே இல்லாமல் வைத்தியம் செய்தால் அது குற்றம், பொலிஸில் முறையிட வேண்டும். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத ஆள் தேட வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ் அரச கரும மொழி. நடந்ததைத் திகதியுடன் தமிழிலேயே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.